ஆக்ரா: வெள்ளிக்கிழமை எங்கே போறது?

கார்த்தி: வெள்ளிக்கிழமை ஆக்ராவுல இறங்குறோம். அன்னிக்கு தாஜ்மஹால் லீவாமே சித்தப்பா?

பாலு சித்தப்பா: ஆமாப்பா. நேரா யமுனைக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. இதிமாத்-உத்-தௌலா கல்லறை வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கும். அதைப் பார்த்துட்டு மறுநாள் தாஜுக்குப் போனா, அங்க எதெல்லாம் புதுசுன்னு கண்ணுக்குத் தெரியும்.

செல்வி அத்தை: முகலாய ராஜா ஜஹாங்கீரோட மனைவி நூர்ஜஹான் தன் அப்பா மிர்ஸா கியாஸ் பேக்குக்காகக் கட்டினது. அவரோட பட்டப்பெயர்தான் இதிமாத்-உத்-தௌலா. ஜஹாங்கீரோட வசீர், அதாவது தலைமை மந்திரி. 1622ல இறந்தார், 1628ல வேலை முடிஞ்சது. மும்தாஜுக்கு அப்பா வழித் தாத்தா. டெல்லி ஹுமாயூன் கல்லறையில சுவரெல்லாம் சிவப்பு மணற்கல்தான். இங்க மேடை மட்டும்தான் சிவப்பு, மேல முழுக்க வெள்ளை மார்பிள்.

மீனா: சின்ன தாஜ்னு சொல்றாங்களே, அதே அமைப்பா?

பாலு சித்தப்பா: இல்லம்மா. பெரிய குவிமாடமே கிடையாது. மொட்டை மாடியில சதுரமா ஒரு மண்டபம், வளைஞ்ச கூரை, சுத்தி மார்பிள் சல்லடை. நாலு மினாரும் கட்டடத்தோட மூலையிலயே ஒட்டியிருக்கும். தாஜ்ல அது விலகிப் போய் மேடையோட மூலையில நிக்குது. இங்க கல்லறை தோட்டத்துக்கு நட்ட நடுவுல, அங்க ஆத்தங்கரை ஓரத்துல.

செல்வி அத்தை: வெளிச்சுவர்கிட்ட நிதானமா நில்லுங்க. நட்சத்திரக் கட்டம், சைப்ரஸ் மரம், பூச்சாடி, மது ஜாடி எல்லாமே கல்லுல கல் பதிச்சது. பெயின்ட் இல்ல. மண்டபத்துக்கு உள்ளே சுவர்ல இருக்கிற பூவேலைதான் வண்ணம். அதைத் தொடாதீங்க, கை எண்ணெயும் வியர்வையும் பட்டா சீக்கிரம் போயிடும்.

கார்த்தி: கல்லை எப்படிப் பதிக்கிறாங்க?

பாலு சித்தப்பா: ஆக்ராவுல இன்னிக்கும் பண்றாங்க, பர்சின்காரின்னு பேர். மார்பிள் மேல செங்காவி பூசி, ஊசியால டிசைனைக் கீறுவாங்க. சிவப்புல வெள்ளைக் கோடு பளிச்சுன்னு தெரியும். அந்தக் கோட்டுக்குள்ள சின்ன உளியால சில மில்லிமீட்டர் பள்ளம். ஆரஞ்சு நிறக் கார்னீலியன், நீல நிற லாபிஸ் மாதிரிக் கல்லை மெல்லிசா அறுத்து, சாணையில பிடிச்சுப் பிடிச்சுத் தேய்ச்சு, பள்ளத்துல வச்சு வச்சுப் பார்ப்பாங்க. பொருந்தினதும் ஒட்டி, கடைசியா எல்லாத்தையும் ஒரே மட்டமா மெருகேத்துவாங்க. விரலால தடவினா இணைப்பு தட்டக் கூடாது. ஒரு பூ இதழுக்கே பல துண்டு வேணும். கல்லோட இயற்கை நிற மாற்றத்தை வச்சே இதழுக்கு நிழல் கொடுப்பாங்க, எனக்கு அதுதான் இதுல பெரிய வித்தை.

மீனா: சில இடத்துல கல்லே இல்லாம குழியா இருக்காமே?

பாலு சித்தப்பா: ஒட்டின பசை காஞ்சு விட்டா கல் விழும். சிலதை மனுஷங்களே நோண்டி எடுத்துட்டாங்க. தாஜ்ல இன்னொரு தொல்லை: மார்பிளைப் பிடிச்சிருக்கிற இரும்புக் கொக்கி துருப்பிடிச்சாப் பெருத்துடும், கல்லு விரிசல் விடும். மார்பிள்ல மஞ்சள் கறை படிஞ்சா முல்தானி மிட்டிங்கிற களிமண்ணைக் குழைச்சு அப்பி, காஞ்சதும் கழுவி எடுக்கிறாங்க.

செல்வி அத்தை: இதிமாத்-உத்-தௌலாவுல நடு அறையில சரியா மையத்துல இருக்கிறது கியாஸ் பேக்கோட மனைவி அஸ்மத் பேகம். அவங்க முன்னாடியே போயிட்டாங்க. கியாஸ் பேக் அவங்க பக்கத்துல. தாஜ்லயும் மும்தாஜ் மையத்துல, ஷாஜஹான் மேற்கே தள்ளி. ரெண்டையும் மனசுல வச்சுப் பாருங்க.

மீனா: அத்தை, பதிச்ச தட்டு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்.

செல்வி அத்தை: அடிப்பக்கம் நகத்தால கீறிப் பாரு. கோடு விழுந்தா மாக்கல், வாங்காதே. டார்ச் அடிச்சுக் காட்டினா நம்பாதே, அலபாஸ்டர்ங்கிற மெத்துன வெள்ளைக் கல்லுலயும் வெளிச்சம் ஊடுருவும். ஆனா டார்ச் வெளிச்சத்துல கார்னீலியன் உள்ளிருந்து ஆரஞ்சா எரியணும், சாயக்கண்ணாடின்னா முழுக்க ஒரே நிறமா இருக்கும்.

பாலு சித்தப்பா: காலையிலேயே போங்க. வாசல் கிழக்குப் பக்கம், அந்த வெயில்ல முகப்புச் சுவர் முழுசும் தெளிவாத் தெரியும்.