கேமராவைக் கையில் எடுத்தாலே தயக்கம்: அன்றாடப் படங்களை மேம்படுத்துவது எப்படி?

திருமங்கலம் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நான் திருமங்கலத்துக்கு அருகில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் தம்பி, தான் பயன்படுத்திவந்த டிஎஸ்எல்ஆர் கேமராவையும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸையும் சென்ற விடுமுறையில் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். கைபேசியில் நினைத்த மாத்திரத்தில் படமெடுத்துப் பழகிய எனக்கு, இந்தக் கேமராவில் எந்தச் சக்கரத்தைத் திருப்புவது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடுவதற்குள் எடுக்க நினைத்த காட்சி கலைந்துவிடுகிறது.

இரவில் வீட்டு விளக்கொளியில் அம்மா பூக்கட்டும்போது ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படங்களில் விரல்கள் கலங்கியிருக்கின்றன. வெள்ளை வெளேரென்ற மல்லிகை மொட்டுகள் சாம்பல் படிந்தவை போலத் தெரிகின்றன. நடுப்பகல் வெயிலில் எடுத்தால் முகத்தில் கண்கள் இருக்கும் இடமே கறுத்துப்போகிறது. மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குச் சென்றிருந்தபோது, வியாபாரிகளுக்கு முன்னால் கேமராவை உயர்த்தவே கூச்சமாக இருந்ததால் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

போட்டிகளுக்கு அனுப்பும் எண்ணமோ, இதைத் தொழிலாகச் செய்யும் எண்ணமோ எனக்கு இல்லை. என் வீட்டையும் தெருவையும், வரப்போகும் சித்திரைத் திருவிழாவையும் கண்ணால் பார்ப்பதற்கு நெருக்கமாகப் படத்தில் கொண்டுவர வேண்டும் என்பதே என் விருப்பம். நல்ல லென்ஸ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கூடல்நகர்:

வணக்கம் சகோதரி. லென்ஸ் வாங்கும் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை கையில் இருக்கும் லென்ஸிலேயே தீரக்கூடியவை.

முதலில் பிடிக்கும் முறையைச் சரிசெய்துகொள்ளுங்கள். கேமராவின் எடையைத் தாங்க வேண்டியது இடது கை. இடது உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, கேமராவின் அடிப்பகுதியும் லென்ஸும் அதன்மேல் அமரும்படி வைத்தால், கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஜூம் வளையத்தைத் திருப்பத் தோதாக நிற்கும். வலது கைக்கு எடை இல்லாதபோதுதான் அதன் விரல்கள் பொத்தான்களிடையே தாராளமாக நகர முடியும். முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கட்டும். திரையைப் பார்த்தபடி கைகளை நீட்டி எடுக்காமல், வியூஃபைண்டரை (கண் வைத்துப் பார்க்கும் சிறு சாளரத்தை) புருவத்தோடு ஒட்டிவைத்தால் முகமும் ஒரு தாங்கலாகிவிடும். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் அமர்ந்த பிறகு, மூச்சை மெல்ல விட்டபடியே மீதியை அழுத்துங்கள். வியூஃபைண்டருக்கு அருகில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். உள்ளே தெரியும் எண்கள் உங்கள் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும் வரை அதைத் திருப்பிவையுங்கள். உங்கள் தம்பியின் பார்வைக்கு ஏற்ப அது வைக்கப்பட்டிருந்தால், ஃபோகஸ் சரியாக இருக்கும் காட்சியும் உங்களுக்கு மங்கலாகவே தெரியும்.

அடுத்து, கலங்கிய படத்தைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அசைந்தது உங்கள் கை. சேலைக் கரை தெளிவாக இருந்து விரல்கள் மட்டும் கலங்கியிருந்தால் அசைந்தது அம்மாவின் கை. அம்மா கலங்கிப் பின்சுவர் தெளிவாக இருந்தால், ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. தானியங்கித் தேர்வை விட்டுவிட்டு ஒற்றைப் புள்ளி ஃபோகஸைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் விரும்பும் இடத்தில் அதை வையுங்கள். லென்ஸில் நடுக்கத் தடுப்பு வசதி இருந்தாலும் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் குறைக்கும், எதிரில் அசைபவரை நிறுத்தாது. பொதுவாக 55 மி.மீ.யில் (ஜூமை முழுதும் நெருக்கிய நிலையில்) கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே விழும் நேரம், 1/100 வினாடியைவிட மெதுவாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டுகளும் சில எல்இடி விளக்குகளும் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. அதற்கும் 1/100 வினாடி பொருந்திவரும். அதைவிட வேகமாக வைத்தால் சில விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழலாம். பூக்கட்டும் கையின் வேகத்துக்கு 1/100 போதாது என்றால், ஒளி போதுமானதாக உள்ள பகல் நேரத்தில் அம்மாவை ஜன்னலுக்கு அருகில் அமரச் சொல்லி எடுப்பதே நல்லது.

கேமராவை அப்பெர்ச்சர் முன்னுரிமை முறையில் வையுங்கள்; லென்ஸின் திறப்பை (அப்பெர்ச்சரை) நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் முறை இது. நிக்கானில் ‘ஏ’ என்றும் கேனானில் ‘ஏவி’ என்றும் சக்கரத்தில் குறித்திருக்கும். ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டு, உச்ச வரம்பை 3200 என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை அமைக்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். பிறகு உங்கள் விரல்கள் பார்க்காமலே தேடிப் போக வேண்டியவை மூன்றுதான்: ஃபோகஸ் புள்ளியை நகர்த்துவது, வெளிச்ச ஈடு செய்வது (படத்தை வேண்டிய அளவு கூடுதல் வெளிச்சமாகவோ இருட்டாகவோ ஆக்குவது), தேவைப்பட்டால் ஐஎஸ்ஓவை நாமே மாற்றுவது. வீட்டில் ஓய்வாக இருக்கும்போது கேமராவைக் கண்ணில் வைத்தபடியே இவற்றை மாற்றிப் பாருங்கள். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் வெவ்வேறு பாகங்களை இணைத்துத் தமக்கென ஒரு கேமராவையே அமைத்துக்கொண்டு காட்டு விலங்குகளைப் படமெடுத்தார். நமக்கு அந்த அளவுக்கு வேண்டியதில்லை என்றாலும், கருவி தன் கைக்கு இசைய வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்ட அக்கறை நமக்கும் உரியது.

வைகைக்கரை:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். வெளிச்சத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

கேமராவின் ஒளிமானி, தான் பார்ப்பது வெள்ளையா கறுப்பா என்று அறியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே முயலும். அதனால்தான் கூடை நிறைய மல்லிகையைக் காட்டினால் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானை அழுத்தி வெளிச்ச ஈட்டை +1க்கு ஏற்றி எடுங்கள். மொட்டுகள் வெள்ளையாகவே வரும். எருமையையோ எண்ணெய் ஏறிக் கறுத்த கற்சிலையையோ படச் சட்டகம் நிறைய எடுக்கும்போது இதற்கு நேர்மாறாக -1 தேவைப்படும். எடுத்த பிறகு ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகப் பரவியிருப்பதைக் காட்டும் வரைபடத்தை, திரையில் பாருங்கள். வரைபடம் வலது ஓரச் சுவரில் முட்டிக் குவிந்திருந்தால் வெள்ளையில் இருந்த நுணுக்கங்கள் அழிந்துவிட்டன என்று பொருள், அப்போது சற்றே குறைத்து மீண்டும் எடுக்கலாம்.

நடுப்பகல் முகங்கள் கறுப்பதற்கு நம் ஊரின் இருப்பிடமே காரணம். மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. சித்திரை பிறக்கும் நாட்களில் பகல் பன்னிரண்டேகால் மணியளவில் வெளியில் நின்று பாருங்கள், உங்கள் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். அந்த நேரத்தில் புருவத்தின் நிழல் கண்குழியில் விழுவதை எந்த லென்ஸாலும் மாற்ற முடியாது. ஆளைத் திண்ணைக்கோ வாசற்படிக்கோ அழைத்து, அவர் நிழலில் இருக்க, முகம் வெயில் பட்ட தெருவை நோக்கியிருக்கும்படி நிறுத்துங்கள். தெருவில் பட்டுத் திரும்பும் ஒளி கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் முகத்தை நிரப்பும். வேறு நேரம் கிடைக்குமானால் காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பிறகோ எடுப்பது இன்னும் நல்லது.

சந்தையில் இன்னொரு தொல்லையும் உண்டு. கடைகளுக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால், அதன் வழியே இறங்கும் ஒளி முகத்தையும் பூவையும் நீலமாக்கிவிடும். ரா வடிவத்தில் (கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் சேமிக்கும் வடிவத்தில்) எடுத்தால் பிறகு கணினியில் வெண்மையைச் சீர்செய்யலாம். ஆனாலும் தார்ப்பாயின் விளிம்பில், திறந்த வானத்தின் ஒளி விழும் இடத்தில் அமர்ந்திருப்பவரைத் தேர்ந்தெடுப்பதே என் வழக்கம்.

பயிற்சிக்கு ஓர் இடம் சொல்ல வேண்டுமானால் திருமலை நாயக்கர் மகாலைச் சொல்வேன். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அங்கே திறந்த முற்றத்தின் வெயிலும் தூண்களிடையே உள்ள நிழலும் ஒரே பார்வையில் கிடைப்பதால், கேமரா எந்த அளவு வெளிச்ச வேறுபாட்டைத் தாங்கும் என்பது ஒரே சுற்றில் விளங்கிவிடும். 55 மி.மீ.யில் அருகில் உள்ள தூணில் ஃபோகஸ் வைத்து, லென்ஸ் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்ணை (எண் சிறிதானால் திறப்பு பெரிது) எஃப் 5.6லும் எஃப் 11லும் மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள். பின்வரிசைத் தூண்கள் கரைவதும் தெளிவதும் கண்ணெதிரே தெரியும். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கேமராவுக்கும் கைபேசிக்கும் அனுமதி இல்லை. கோபுரங்களை வெளியே சித்திரை வீதிகளில் நின்றே எடுக்கலாம். வாகனங்கள் இல்லாத வீதிகளாதலால் நிதானமாக நின்று எடுக்க முடியும்.

திருமங்கலம் வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். கூடல்நகர் ஐயா சொன்னபடி சேலைக் கரை தெளிவாகத்தான் இருக்கிறது, அசைந்தது அம்மாவின் விரல்களே. சந்தையில் மனிதர்களை அணுகுவது எப்படி என்பதையும், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தண்ணீர் பீய்ச்சும் கூட்டத்தில் கேமராவை எப்படிக் காப்பது என்பதையும் யாராவது விளக்க முடியுமா?

யானைமலை:

அம்மா, பூச்சந்தையில் ஏலமும் எடையும் நடந்துகொண்டிருக்கும் பரபரப்பான நேரத்தில் முதல் முறை செல்ல வேண்டாம். வியாபாரம் சற்றுத் தணிந்த பிறகு சென்று, பூ வாங்கி, நான்கு வார்த்தை பேசிவிட்டு, “ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டுவிடுங்கள். கேட்டதும் ஆட்கள் விறைத்துக்கொள்வது இயல்புதான். முதல் படத்தை எடுத்துத் திரையில் காட்டுங்கள். பிறகு அவர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பும்போது நீங்கள் விரும்பிய படம் தானாக அமையும். வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள், குழந்தைகளைப் பெற்றோர் அனுமதியின்றி எடுக்காதீர்கள். படம் தருவதாகச் சொன்னால் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீங்கள் அந்தச் சந்தைக்குள் நுழையும்போது கிடைக்கும் வரவேற்பு, வேறெந்தப் பயிற்சியாலும் கிடைக்காத துணிவைத் தரும்.

திருவிழாவைப் பொறுத்தவரை, தோல் பைகளில் நீர் நிரப்பிப் பீய்ச்சும் பக்தர்கள் எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று சொல்ல முடியாது. தடித்த பிளாஸ்டிக் பையில் லென்ஸ் அளவுக்கு ஒரு துளையிட்டு, லென்ஸின் முன்விளிம்பில் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஜூம் வளையம் பைக்குள்ளேயே திரும்பும்படி சற்றுத் தொய்வு விட வேண்டும். லென்ஸ் கண்ணாடியைத் துடைக்க உலர்ந்த பருத்தித் துணியும், நெரிசலில் கழன்றுவிடாதபடி தோளின் குறுக்கே போடும் ஸ்ட்ராப்பும் அவசியம். கூட்டத்துக்குள் லென்ஸைக் கழற்றவே கூடாது. வைகையில் அழகர் இறங்குவது பெரும்பாலும் வெயில் ஏறும் முன்பே நடந்துவிடுவதால், 18 மி.மீ.யில் வைத்து, எஃப் 3.5 அளவுக்குத் திறந்து, ஐஎஸ்ஓ வரம்பை 6400 வரை உயர்த்திக்கொள்ளுங்கள். படத்தில் சற்றுப் புள்ளிகள் விழுந்தாலும் பரவாயில்லை. குதிரை வாகனத்தை நெருங்கவே முடியாத கூட்டம் அது. கருப்பசாமி வேடமிட்டவர்களையும், திரியாட்டக்காரர்களையும், மண்டபப் படிகளில் காத்திருக்கும் குடும்பங்களையும் எடுப்பதில் உங்கள் நேரத்தைச் செலவிடுங்கள்.

கூடல்நகர்:

லென்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். திருவிழா முடிந்த பிறகும் இரவில் வீட்டுக்குள் எடுப்பதே உங்களுக்கு முக்கியமாக இருந்தால், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கலாம். உங்கள் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். இந்தப் புது லென்ஸ் எஃப் 1.8இல் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆனால் எஃப் 1.8இல் தெளிவாக இருக்கும் ஆழம் மிகக் குறைவு என்பதால், அம்மாவின் விரலில் ஃபோகஸ் வைத்தால் முகம் கலங்கிவிடும், எஃப் 2.8 அளவில் தொடங்குங்கள். உங்களுடையது நிக்கானின் 3000 அல்லது 5000 வரிசைக் கேமராவானால் அதன் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கடையில், லென்ஸுக்குள்ளேயே மோட்டார் கொண்ட ஏஎஃப்-எஸ் வகை லென்ஸ்தானா என்று கேட்டு, கேமராவில் பொருத்தி, ஃபோகஸ் தானாக இயங்குவதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.