லாரி பட்டைக்குத் தண்ணியா, எண்ணெயா?

ஓசூர் மெட்டல்:
போன வாரம் பெங்களூர்ல கையால செஞ்ச கத்திகளுக்கு ஒரு கண்காட்சி. போயிருந்தேன். நம்ம பாலக்கோட்டுக்காரர் ஒருத்தரும் மேசை போட்டிருந்தார். புளியங்கட்டையில பிடி, நல்லாத்தான் இருந்துச்சு. பக்கத்துல ஒரு அட்டை: “லாரி பட்டை. தண்ணீரில் தோய்த்தது.” லாரிக்கு அடியில இருக்குற வில் பட்டை பல சமயம் ஈ.என்.45ங்கிற வகை, சிலிக்கான் கலந்த எஃகு. பழுக்கக் காய்ச்சி, உறுதி ஏத்த எண்ணெயில தோய்க்க வேண்டிய சரக்கு. தண்ணியில விட்டா ‘டிக்’னு ஒரு சத்தம் கேக்கும், கத்தி காலி. இதைப் பெருமையா எழுதி வேற வைக்கணுமா? மானம் போகுது.

பாலக்கோடு பட்டறை:
அந்த மேசைக்காரன் நான்தான். நேர்ல நின்னப்ப “சூப்பர்ணா”ன்னு கைகுடுத்துட்டுப் போன நீலச்சட்டை நீதானே தம்பி? அங்க வாய் வரல, இங்க வருதா? எங்க தாத்தா காலத்துல இருந்து தண்ணிதான். தர்மபுரி சந்தையில எங்க அரிவாள் வெடிச்சுதுன்னு ஒருத்தன் திரும்பக் கொண்டு வந்ததில்ல.

ஓசூர் மெட்டல்:
தாத்தாவை விடுங்கண்ணா. 770 டிகிரியில இரும்புல காந்தம் ஒட்டாது. அதுக்கும் மேல ஏத்தி, இளஞ்சூடான எண்ணெயில முக்கணும். அப்புறம் உடையாம இருக்க 200 டிகிரி சூட்டுல 2 மணி நேரம் வைக்கணும். எந்தப் புத்தகத்துல தண்ணின்னு இருக்கு?

பாலக்கோடு பட்டறை:
எங்க உலையில டிகிரி மீட்டர் இல்ல, கண்ணு இருக்கு. வெயில் தாழ்ந்தப்புறம்தான் தோய்ச்சல் வேலையே. இரும்பு கோவைப்பழமா பழுத்ததும் கொறடுல எடுத்து, வெட்டுற வாய் மட்டும் அரை விரக்கடை தண்ணியைத் தொடும். முதுகு சூடு அப்படியே இருக்கும். அரத்தால ஒரு இழுப்பு இழுத்தா வாய் வெள்ளையா தெரியும். முதுகு சூடு மெல்ல இறங்கி அந்த வெள்ளை வைக்கோல் நிறமாகுற நேரம் பார்த்து மொத்தமா முக்கணும். ஒரு மூச்சு பிந்தினாலும் நீலம் ஓடிரும், வாய் மழுங்கும். உன் 2 மணி நேர வேலை எனக்கு 2 நிமிஷம். தண்ணிதான்.

ஓசூர் மெட்டல்:
பழுக்கப் பழுக்க முழுசா முக்கினா வெடிக்கும்னுதான் நானும் சொல்றேன். அப்போ தண்ணி தப்புதானே?

பாலக்கோடு பட்டறை:
முழுசா முக்கச் சொன்னது யாரு, உன் புத்தகமா?

தகடூரான்:
எண்ணெயோ தண்ணியோ, கத்தியை மேசையில வெச்சு வேடிக்கை காட்டுறதே நம்ம ஊருக்கு ஆகாது. ஔவையார் தொண்டைமான்கிட்ட தூது போனப்ப என்ன சொன்னாங்க? உன் ஆயுதமெல்லாம் மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசிக் காவல் வீட்டுல இருக்கு. எங்க அதியமானுது நுனி ஒடிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குன்னு. புறநானூறு 95. கண்காட்சி தொண்டைமான் வீடு, பட்டறைதான் அதியமானோட தகடூர், நம்ம தர்மபுரி.

ஓசூர் மெட்டல்:
பாத்தீங்களா, அதுலயும் நெய்தான். தண்ணி இல்ல.

பாலக்கோடு பட்டறை:
நெய் பூசினவன் சண்டைக்கே போகல, அதான் பாட்டு! அது துரு பிடிக்காம இருக்கப் பூசுறது, தோய்ச்சல் இல்ல. தகடூரான் ஐயா, நீங்களும் கேளுங்க. வேடிக்கை காட்டத்தான் போனேன். கத்தி 5,000 ரூபாய்னு சொன்னப்ப அங்க ஒருத்தரும் முகம் சுளிக்கல. இங்க 400 ரூபாய் அரிவாளுக்கு அரைமணி நேரம் பேரம்.

அரூர் வக்கீல்:
9 அங்குலத்துக்கு மேல நீளம், இல்ல 2 அங்குலத்துக்கு மேல அகலம்னா ஆயுதச் சட்டம் எட்டிப் பாக்கும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செஞ்சதுக்கு விலக்கு உண்டு. மேசையில வெச்சது எந்தக் கணக்கு?

பாலக்கோடு பட்டறை:
காய் நறுக்குற கத்தி சார். ஏழு அங்குலம். கேஸ் பிடிக்க வேற இடம் பாருங்க.

சந்தூர் தோப்பு:
5,000 ரூபாய்க்குக் காய் நறுக்குற கத்தியா? எங்க பெங்களூரா மாங்கா ஒரு டன் எவ்வளவுக்குப் போகுதுன்னு தெரியுமா?

பாலக்கோடு பட்டறை:
வாங்க தோப்புக்காரரே! ரெண்டு வருஷம் முன்னாடி கவாத்துக் கத்தி ரெண்டு வாங்கிட்டுப் போனீங்களே, “சீசன் முடியட்டும்”னு. சீசன் ரெண்டு முடிஞ்சுது. அதுவும் தண்ணியில தோய்ச்சதுதான். வெடிச்சுதா இல்லையா, இங்கயே சொல்லுங்க.

சந்தூர் தோப்பு:
வெடிக்கல. ஒண்ணுல பிடி ஆடுது.

ஓசூர் மெட்டல்:
ஆடுதாம்ல!

பாலக்கோடு பட்டறை:
பிடி மரம்யா, அதைத் தண்ணியிலயா தோய்ச்சேன்? தம்பி, ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வா. ஒரே பட்டையை ரெண்டா வெட்டுவோம், உனக்கு எண்ணெய், எனக்குத் தண்ணி.

ஓசூர் மெட்டல்:
ஞாயித்துக்கிழமை கல்யாணம் இருக்கு. நீங்க பட்டையை ஓசூருக்கு அனுப்புங்க, எங்க லேப்ல கடினம் பாத்துச் சொல்றேன்.

பாலக்கோடு பட்டறை:
கல்யாணமாம். சந்தூர்க்காரரே, நீங்க எங்க போனீங்க? 800 ரூபாய்.