உதவி: எருமைக் கன்றுக்குக் கடலைப் புண்ணாக்குக்குப் பதிலாக என்ன வைக்கலாம்? (அவசரம்)

கொட்டில்விளக்கு
வணக்கம். வாங்கி வைத்த கடலைப் புண்ணாக்கு மூட்டை பூஞ்சை பிடித்துவிட்டது, அதனால் நிறுத்திவிட்டேன். கன்று உடம்பு வைக்கவே மாட்டேன் என்கிறது. புரதத்துக்கு வேறு என்ன போடலாம்? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மசால்பாத்தி
கன்றுக்கு வயது என்ன? பால் குடிக்கிறதா, மறந்துவிட்டதா? இப்போது என்ன தின்கிறது? இது தெரியாமல் எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும்.

பச்சைத்தொட்டி
அசோலா போடுங்கள் நண்பரே, தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணி அது. காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். தொட்டியில் தானாகப் பெருகும். நான் எல்லாக் கன்றுக்கும் அதைத்தான் போடுகிறேன்.

கறவைக்கணக்கு
இதே கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. வயது இல்லை, எடை இல்லை, தீவன அளவு இல்லை. கேட்கும் முன் பழைய இழைகளைக் கொஞ்சம் புரட்டியிருக்கலாம். வைக்கோலில் யூரியா தெளித்துப் புரதம் ஏற்றலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஆறு மாதத்துக்குக் கீழே அதை நினைக்கவே வேண்டாம்.

வேலிக்கால்
சவுண்டல், கிளைரிசிடியா, அகத்தி என்ற மூன்று தழைத்தீவன மரங்களும் வேலியில் இருந்தால் புண்ணாக்கே தேவைப்படாது. சவுண்டல் மட்டும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதிலிருக்கும் மிமோசின் என்ற நஞ்சு முடியை உதிர்த்துவிடும், தைராய்டையும் கெடுக்கும்.

கொட்டில்விளக்கு
ஏழு மாதம். பால் மறந்தாயிற்று. வைக்கோல் 2 கிலோ, அரிசித் தவிடு அரைக் கிலோ, சோளப்பயிர் பச்சையாக 3 கிலோ இருக்கும். அசோலாத் தொட்டி கட்ட இடம் இல்லை. பூஞ்சை பிடித்த மூட்டையை வெயிலில் நன்றாகக் காயவைத்துத் தாய் எருமைக்கு வைத்துவிடலாமா? வீணாகப் போகிறதே.

மசால்பாத்தி
வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம். வெயில் பூஞ்சையைத்தான் காயவைக்கும், அது விட்டுப்போன அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை ஒன்றும் செய்யாது. வேகவைத்தாலும் பெரும்பகுதி அப்படியே நிற்கும். கறவையில் இருக்கும் தாய் தின்றால் நஞ்சு உருமாறிப் பாலிலும் இறங்கும். மேலே பச்சை மஞ்சள் பொடியாகத் தெரியும் கட்டியை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை வைப்பதும் ஆபத்து, கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் துண்டிலும் நஞ்சு இருக்கலாம். மூட்டையைக் குழியில் போட்டு மூடிவிடுங்கள்.

கன்றின் எடை என்ன? தராசு இல்லாவிட்டால் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி நாடா பிடியுங்கள். தோள் முனையிலிருந்து இடுப்பெலும்பின் பின்முனை வரை நீளம். இரண்டும் அங்குலத்தில்.

கொட்டில்விளக்கு
சுற்று 44, நீளம் 36.

மசால்பாத்தி
சரி. 44-ஐ 44-ஆல் பெருக்கி, அதை 36-ஆல் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் சுமார் 105 கிலோ. இந்த எடைக்கு ஒரு நாளைக்கு உலர் கணக்கில் 3 கிலோ தீனி போகும். வளரும் கன்றுக்கு அதில் 13 சதவீதமாவது புரதம் வேண்டும், அதாவது 390 கிராம்.

இப்போது கிடைப்பது: வைக்கோலில் 60 கிராம், தவிட்டில் 60, சோளத்தில் 50. மொத்தம் 170. பாதிகூட இல்லை. வயிறு நிறைகிறது, உடம்பு ஏறவில்லை. காரணம் இதுதான்.

பச்சைத்தொட்டி
அதற்குத்தான் அசோலா என்றேன். கொஞ்ச இடம் போதும்.

கறவைக்கணக்கு
பச்சை அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று தண்ணீர். ஒரு கிலோ அள்ளிப் போட்டால் புரதம் 14, 15 கிராம்தான். ஒரு கிலோ நல்ல கடலைப் புண்ணாக்கில் 400 கிராம். நீங்களே வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 30 கிலோ அசோலா வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் எல்லோரும் தொட்டி கட்டுகிறார்கள்.

பச்சைத்தொட்டி
கணக்கு மட்டும் பேசினால் எப்படி ஐயா? தாதுக்களும் இருக்கின்றன. என் கன்றுகளின் பளபளப்பை நான் தினமும் பார்க்கிறேன்.

கறவைக்கணக்கு
பளபளப்புக்குத் தாது உப்புக் கலவை இருக்கிறது. கேள்வி புரதம்.

வேலிக்கால்
இரண்டு பேரும் தனி இழை திறந்து பேசுங்கள். கேட்டவர் காத்திருக்கிறார்.

மசால்பாத்தி
கொட்டில்விளக்கு, நான் செய்வதாக இருந்தால்: சோளத்தை எடுத்துவிட்டு, பயறுவகைப் பசுந்தீனியான வேலிமசால் பச்சையாக 4 கிலோ. வேலிமசால் இல்லையென்றால் குதிரைமசாலோ பூக்கும் பருவத்துத் தட்டைப்பயறோ சரிதான். குதிரைமசாலை அறுத்தவுடன் வெறும் வயிற்றில் வைக்காதீர்கள், வயிறு உப்பும். கொஞ்சம் வாடவிட்டு, வைக்கோல் தின்ற பிறகு வையுங்கள். கூடவே தோல் நீக்காத பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு அரைக் கிலோ. வைக்கோலை அரைக் கிலோ குறையுங்கள். பயறுவகைப் பசுந்தீனியில் 175 கிராம், பருத்தியில் 110, தவிடும் மிச்ச வைக்கோலும் சேர்ந்து 105. 390 வந்துவிடும்.

ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் ஒரு கைப்பிடிப் புண்ணாக்கு, அப்புறம் பத்துப் பதினைந்து நாளில் முழு அளவு.

சாணக்கூடை
எள்ளுப் புண்ணாக்கு கிடைத்தால் அதையும் பாருங்கள், பருத்தியைவிடப் புரதம் அதிகம். கடுகுப் புண்ணாக்கு கசக்கும், கன்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். எதை வாங்கினாலும் உடைத்து முகர்ந்து பாருங்கள், மக்கல் வாடை அடித்தால் வாங்காதீர்கள்.

கொட்டில்விளக்கு
நன்றி. இதையே சின்னதுக்கும் வைக்கலாம் அல்லவா? இரண்டு மாதம் ஆகிறது. அதற்கு வயிறு மட்டும் பெரிதாக இருக்கிறது. பெரியதற்கு முடி கறுப்பு போய்ச் செம்பட்டையாகத் தெரிகிறது.

கறவைக்கணக்கு
இன்னொரு கன்று இருப்பதை இவ்வளவு நேரம் கழித்துச் சொல்கிறீர்கள். இப்படிக் கேட்டால் யார் சரியாகப் பதில் சொல்ல முடியும்?

மசால்பாத்தி
சின்னதுக்குப் பருத்தி வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் காசிபால் என்ற நஞ்சை அசை வயிறு வளர்ந்த மாடு ஓரளவு முறித்துவிடும், இரண்டு மாதக் கன்றுக்கு அந்த வயிறு இன்னும் அமையவில்லை. இதயத்தைத் தாக்கும். அதற்குப் பாலும், கன்றுத் தீவனமும், கொஞ்சம் இளம் பசும்புல்லும் போதும்.

சாணக்கூடை
சின்ன எருமைக் கன்றுக்கு வயிறு பானையாக இருந்தால் முதலில் உருண்டைப்புழுவை நினையுங்கள். தாய்ப்பால் வழியாகவே உள்ளே போய்விடும், எருமைக் கன்றுகளில் சாவுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று. சாணம் களிமண் நிறத்தில் இளகி, கெட்ட வாடை அடிக்கிறதா? கால்நடை மருத்துவரை இன்றே கூப்பிடுங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, நீங்களாக ஊற்றாதீர்கள். புழு இருக்கும்வரை எந்தப் புரதமும் கன்றுக்குச் சேராது.

பெரியதன் செம்பட்டைக்குப் புரதக் குறைவும் காரணமாகலாம், தாமிரக் குறைவும் காரணமாகலாம். அதையும் அவரிடம் காட்டுங்கள்.

வேலிக்கால்
யூரியா பற்றி ஒரு வார்த்தை, பெரியதுக்கு மட்டும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 3 வாரம் மூடிவைத்தால் வைக்கோலின் புரதம் இரண்டு மடங்காகும்.

மசால்பாத்தி
வாடை போக ஆறவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்போதைக்கு அவருக்கு அது வேண்டாம், பசுந்தீனி முதலில் நிற்கட்டும்.

கொட்டில்விளக்கு
மருத்துவர் வந்து போனார். சின்னதுக்குப் பூச்சி மருந்து கொடுத்தார், வெள்ளையாக நீளநீளமாக விழுந்தன. பெரியதுக்குத் தாது உப்பு எழுதியிருக்கிறார். பருத்திப் புண்ணாக்கை முகர்ந்துவிட்டுத் தள்ளியது, ஊறவைத்துத் தவிட்டில் பிசைந்ததும் நக்குகிறது. தட்டைப்பயறு விதைத்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

சாணக்கூடை
விழுந்த புழுவையும் அந்தச் சாணத்தையும் கொட்டிலிலேயே விட்டுவிடாதீர்கள், தனியாகக் குழியில் போட்டு மூடுங்கள். அடுத்த மருந்து எப்போது என்று மருத்துவர் சொன்னாரா?