மொழியியலும் ஒப்பிலக்கியமும் சேர்த்துப் படிக்க: எப்படித் தொடங்குவது?

பாயாலேபார்_பையன்
வணக்கம். தொடக்கக்கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன், ஏ நிலைத் தேர்வுக்கு எச்2 தமிழ் மொழியும் இலக்கியமும் எடுத்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் மொழியியல், ஒப்பிலக்கியம் இரண்டையும் விடாமல் படிக்க வழி உண்டா? முதல் ஆண்டில் தமிழ் மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்? வீட்டில் பேசும் தமிழை வைத்து ஆய்வேடு எழுத முடியுமா? மலாய் பேசினால் புரியும், வாசிப்பு மெதுவாகத்தான் வரும்.

துணைப்பாடம்
முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், தம்பி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல், அறிவியல் கல்லூரி 2021இல் வந்த பிறகு, பட்டத்துக்கு 160 அலகுகள். பொதுப்பாடங்களுக்கு 52, முதன்மைப் பாடத்துக்கு 60, விருப்பப் பாடங்களுக்கு 48. இரண்டாவது முதன்மைப் பாடத்துக்கு 40 அலகு வேண்டும். அதாவது மொழியியலோடு இலக்கியத்தையும் முதன்மையாக எடுத்தால், கையில் மிஞ்சுவது 8 அலகு, இரண்டே இரண்டு பாடங்கள். மலாய் வாசிப்பை வளர்க்க அது போதாது. துணைப்பாடம் என்றால் 20 அலகுதான். மீதி 28 அலகில் மொழிக் கல்வி நிலையத்தில் மலாயை இரண்டு மூன்று நிலை படித்துவிடலாம். உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது இதைத்தான்: மொழியியல் முதன்மை, இலக்கியம் துணை, மலாய் விருப்பப் பாடம்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மொழியியலும் பன்மொழி ஆய்வும் தனிப் பட்டமாகவே இருக்கிறது. பலமொழிச் சமூகம், மொழி வழக்கழிதல் (ஒரு மொழி புழக்கத்திலிருந்து மறைவது) போன்றவற்றில் ஆர்வம் இருந்தால் அங்கே போகலாம். இரண்டு இடத்திலும் பாடம் நடப்பது ஆங்கிலத்தில், ஆனால் ஆராயும் தரவு தமிழாக இருக்கலாம். தமிழிலேயே இலக்கியம் படிக்க வேண்டுமென்றால் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்மொழி, இலக்கியப் பட்டம் இருக்கிறது. விதிகள் நீங்கள் சேரும் ஆண்டுக்குரியவை என்பதால் அந்த ஆண்டின் பக்கத்தையே பாருங்கள், மூத்த மாணவர்களின் பட்டியலை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

ஒலியன்
சறுக்குவது எங்கே என்று கேட்டீர்கள். ஒலியனியலில்தான் (ஒரு மொழியில் எந்த ஒலிகள் பொருளை வேறுபடுத்துகின்றன என்று ஆராயும் பகுதி), அதுவும் எழுத்தைப் பார்த்து ஒலியை முடிவு செய்வதால்.

'பட்டு', 'படு', 'வண்டி' மூன்றையும் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். இரட்டித்த இடத்தில் அதிர்வு இல்லை. உயிர்களுக்கு நடுவிலும் மெல்லினத்தின் பின்னும் அதிர்வு உண்டு. எந்த ஒலி எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடிவதால் இவை ஒரே ஒலியனின் மாற்றொலிகள், அதாவது பொருளை மாற்றாமல் இடத்துக்கேற்ப மாறும் வடிவங்கள். இதுவரை எல்லாரும் எழுதிவிடுவார்கள். அடுத்து 'டாக்சி', 'டாக்டர்' இரண்டையும் வையுங்கள். இரண்டும் சொல்லின் தொடக்கம், ஒரே எழுத்து, அடுத்து வருவதும் ஒரே உயிர். ஆனால் முதலாவதில் அதிர்வில்லை, இரண்டாவதில் இருக்கிறது. இப்போது பழைய விதி நிற்குமா? கடன்சொற்கள் ஒரு புதிய ஒலியன் எதிர்வைக் கொண்டுவந்துவிட்டனவா, அல்லது கடன்சொற்களுக்கென்று தனி அடுக்கு ஒன்று இருக்கிறதா? இந்தக் கேள்வியை எழுப்பி வாதிட்டால்தான் அது பகுப்பாய்வு. 'டகரம் இரண்டு விதமாக ஒலிக்கும்' என்று நிறுத்துவது வருணனை மட்டுமே.

இன்னொன்று: 'பிழை', 'கொச்சை' என்ற சொற்கள் விடைத்தாளில் வரக்கூடாது. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு பழகியதைக் கழற்றி வைப்பது கஷ்டம்தான். ஆனால் பேச்சுத்தமிழுக்கும் முழுமையான இலக்கணம் உண்டு, அதைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் இந்தத் துறையின் வேலை.

பாயாலேபார்_பையன்
டாக்சி, டாக்டர் உதாரணம் தெளிவாகப் புரிந்தது. நன்றி! சிங்கப்பூரர்கள் ழகரத்தை எப்படி ஒலிக்கிறார்கள் என்று ஆய்வேட்டுக்கு எடுக்கலாமா? வாட்சாப்பில் குரல்பதிவு வாங்கினால் போதுமா?

களப்பதிவு
வாட்சாப் வேண்டாம். அது ஒலியைச் சுருக்கிவிடும், அளவீட்டை நம்ப முடியாது. 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் பகரத்தின் காற்று அடிக்கும். வீவக அடுக்குமாடி வீட்டில் மின்விசிறி, குளிர்சாதனம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். எம்ஆர்டி ரயில் தடத்தை ஒட்டிய அறை வேண்டாம்.

அளக்க பிராட் என்ற இலவச மென்பொருள் போதும். நாக்கு மடிந்தால் மூன்றாம் ஒலியலைச்செறிவு (வாயின் வடிவத்தால் வலுப்பெறும் அதிர்வெண்களில் மூன்றாவது) கீழே இறங்கும், ழகரத்தில் தேட வேண்டியது அதைத்தான். செறிவின் உச்சவரம்பைப் பெண் குரலுக்கு ஏறத்தாழ 5,500 ஹெர்ட்ஸ், ஆண் குரலுக்கு 5,000 என்று மாற்றி வையுங்கள். எல்லாருக்கும் ஒரே வரம்பை விட்டுவிட்டால் மென்பொருள் இரண்டாம் செறிவை மூன்றாவதாக எண்ணிக் காட்டிவிடும், உங்கள் அட்டவணை முழுக்கத் தவறாகும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது: சொற்பட்டியலை வாசிக்கக் கொடுக்காதீர்கள். தாளில் 'வாழைப்பழம்' என்று கண்டதும் எவரும் வகுப்பறைத் தமிழுக்கு மாறி ழகரத்தை அழுத்திச் சொல்வார்கள். படத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேளுங்கள். சிலர் 'வாளப்பளம்' என்பார்கள். வாசிப்பையும் வேண்டுமானால் கடைசியில் தனியாகப் பதிந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். அந்த இடைவெளிதான் நம் மொழியின் இரட்டை வழக்கு, அதுவே ஆய்வேட்டின் மையமாகக்கூட ஆகலாம். ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறையாவது, வரிசையைக் கலைத்து வாங்குங்கள்.

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறை ஒப்புதல் கிடைக்கும் முன் ஒரு குரலும் பதியக்கூடாது. முன்பே பதிந்து வைத்ததைப் பிறகு சேர்க்க விடமாட்டார்கள். விண்ணப்பத்துக்குச் சில வாரம் ஒதுக்குங்கள்.

உள்ளுறை
ஒப்பிலக்கியத்தை யாரும் தொடவில்லையே. மலாய் பேச வருகிறது என்றால் நல்ல வாய்ப்பு உங்களிடம் இருக்கிறது. பந்துன் என்பது மலாயின் நான்கடிப் பாட்டு. முதல் இரண்டு அடி பெரும்பாலும் இயற்கைக் காட்சி, அடுத்த இரண்டில் சொல்ல வந்த செய்தி. முதலாம் அடி மூன்றாம் அடியோடும், இரண்டாவது நான்காவதோடும் இயைபு கொள்ளும். நம் அகப்பாட்டிலும் காட்சிக்குள் கருத்து ஒளிந்திருக்கிறது. ஆனால் உள்ளுறையில் (காட்சிக்குள் மறைபொருளை வைக்கும் அகப்பாட்டு உத்தி) காட்சியே மனநிலையைச் சொல்லிவிடும், செய்தியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பந்துனில் செய்தி வெளிப்படையாக வந்துவிடுகிறது, காட்சிக்கும் அதற்கும் ஓசை மட்டுமே பாலமாக இருப்பதும் உண்டு. கட்டுரை இந்த வேறுபாட்டில்தான் நிற்க வேண்டும்.

பலரும் இங்கே செய்வது, ஒற்றுமையைக் கண்டதும் 'தமிழிலிருந்து போனது' என்று எழுதிவிடுவது. கப்பல் 'காப்பால்' ஆனதும், கடை 'கெடாய்' ஆனதும் சொற்கடன். அதை வைத்துப் பாட்டு வடிவமும் போனது என்று சொல்ல முடியாது. தாக்கம் என்று வாதிட்டால் யார், எப்போது, எந்த வழியில் என்று காட்ட வேண்டும். இல்லையேல் இணைநிலை ஒப்பீடு (தாக்கம் பற்றிப் பேசாமல் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது) என்று அறிமுகத்திலேயே சொல்லிவிடுங்கள், அதில் குறையொன்றுமில்லை.

இரண்டு பக்கமும் மூலத்தில் வாசியுங்கள். இன்றைய மலாய் ரோமன் எழுத்தில் இருப்பதால் விரைவில் கைவரும். பழைய ஏடுகளும் நாளிதழ்களும் ஜாவியில் (மலாய்க்கான அரபு எழுத்தில்) இருப்பதால், முதல் ஆய்வுக்கு ரோமன் எழுத்தில் அச்சான தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பக்கம் தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் இணையக் காப்பகத்தில் இருக்கின்றன. சொல்லைத் தட்டித் தேடுவதோடு நிறுத்தாமல் தேதிவாரியாகப் புரட்டுங்கள். பழைய லை, னை, றா வடிவங்களுக்குக் கண் பழக ஒரு வாரம் பிடிக்கும்.