புதுப்பிப்பு: சிலிண்டர் ஹெட்டில் ஒடிந்த ஸ்டட் வெளியே வந்துவிட்டது

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) எஞ்சினின் மேற்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட்டோடு பிடிக்கும் 8 மி.மீ. ஸ்டட் (தலையில்லாத மரைத் தண்டு) ஒன்று ஹெட்டின் மட்டத்திலேயே ஒடிந்துவிட்டது என்றும், பின்னால் ஃபயர்வால் (எஞ்சின் அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலான தடுப்பு) நெருக்கமாக இருப்பதால் சாதாரண டிரில் நுழையவில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன். எஞ்சினை இறக்காமலேயே வேலை முடிந்தது.

பலர் பரிந்துரைத்தபடி ஒடிந்த ஸ்டட்டின் மேல் நட்டை வெல்டிங் செய்து திருப்புவதற்கு டார்ச் பிடிக்க இடமில்லாததால், தலை செங்கோணமாகத் திரும்பிய சிறிய டிரில்லையும், இடப்புறமாக, அதாவது ஸ்டட் கழலும் திசையிலேயே, சுழன்று வெட்டும் பிட்டுகளையும் தேர்ந்தெடுத்தேன். துளை சரியாக நடுவில் விழுவதுதான் இதில் பாதி வேலை. பிட் சற்று வழுக்கினாலும் மென்மையான அலுமினிய மரையைத் தின்றுவிடும். ஆகவே மேனிஃபோல்டை மீதமுள்ள ஸ்டட்களில் மாட்டி, ஒடிந்ததற்குரிய துளையில் ஓர் எஃகுக் குழலைச் செருகி, அதன் வழியே 3 மி.மீ. துளையிட்டேன். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும் என்பதால், ஹெட்டைச் சூடாக்கியபின் 5 மி.மீ. பிட் கடித்ததுமே ஸ்டட் தானாகச் சுழன்று வெளிவந்தது. ஒடிந்த ஸ்டட்டில் இட்ட துளையில் செருகித் திருப்பிக் கழற்றும் ஈஸி அவுட் கருவியை நான் தொடவில்லை. அது உள்ளே முறிந்தால், அந்தக் கடின எஃகைச் சாதாரண பிட் வெட்டாது.

மரையை டேப் எனும் மரை வெட்டும் கருவியால் சுத்தம் செய்து, புதிய ஸ்டட்டும் கேஸ்கெட்டும் பொருத்தியாயிற்று.