பாஸோவர் பெட்டி கொண்டுபோனவர்கள் சொல்லுங்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு வீடு

ஸ்கோக்கி வாசி:
நான் யூதன் இல்லை. பாஸோவர் என்ற யூதப் பண்டிகைக்கு, இல்லாத யூதர்கள் வீட்டுக்கு உணவுப் பெட்டி கொண்டுபோய்க் கொடுப்பது சிகாகோவில் மாவோட் கிட்டிம் என்ற தொண்டு அமைப்பு 1908லிருந்து செய்துவரும் வேலை. கார் இருப்பவர்கள் வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார், போனேன். டெவான் அவென்யூவில் நாம் பருப்பும் புளியும் வாங்கும் கடைகளிலிருந்து நடக்கிற தூரம்தான் அந்த முதியோர் அடுக்ககம். ரஷ்ய மொழி பேசும் பாட்டி. சமையல் மேடை முழுக்க அலுமினியத் தாள் ஒட்டிச் சுத்தமாக வைத்திருந்தார். பெட்டியை இறக்கியதும் ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் திணித்தார். உள்ளே பாதி கம்புரொட்டி (ரை), பிரித்த ஓட்ஸ், ஒரு பாஸ்தா பாக்கெட். வேண்டாம் என்றேன். விடவே இல்லை. வாங்கிவிட்டேன். இல்லாதவர் என்றுதானே அவருக்குப் பெட்டி போகிறது? அவரிடமிருந்து சாப்பாடு வாங்கி வந்தது சரியா? அந்த ரொட்டியைச் சாப்பிடவும் முடியவில்லை, கொட்டவும் மனசு வரவில்லை.

குயின்ஸ் நர்ஸ்:
வாங்கியதுதான் சரி, அண்ணா. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஐந்திலும் செய்த புளித்த பண்டம் எதுவும் பாஸோவர் எட்டு நாளும் வீட்டில் இருக்கக்கூடாது. நீங்கள் மறுத்திருந்தால் அவர் குப்பையில்தான் போட்டிருப்பார். சாப்பாட்டைத் தூக்கிப் போடுவது அந்தத் தலைமுறைக்கு எவ்வளவு வலிக்கும்!

எனக்கு ரீகோ பார்க்கில் ஒரு புகாரா (மத்திய ஆசியா) யூதத் தாத்தா. எங்கள் பெட்டியில் அரிசி கிடையாது. ஐரோப்பிய யூதர்கள் பாஸோவரில் அரிசி சேர்ப்பதில்லை. இவர்கள் குடும்பத்தில் சேர்ப்பார்கள். ஆனால் மூன்று முறை பொறுக்க வேண்டும். வெள்ளைத் துணியில் அரிசியைப் பரப்பி, எங்கள் ஆச்சி முறத்தில் கல் பொறுக்குவது மாதிரியே விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு மணியை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். கோதுமை! கண் சரியாகத் தெரியவில்லை, கூட உட்கார்ந்து பார் என்றார். பார்த்தேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு மணியாவது என் கண்ணுக்குத் தப்பியிருக்குமோ என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

நியூஜெர்சி பழைய ஆள்:
2020 ஏப்ரல், ஊரடங்கு. பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் படிக்கட்டுக்குத் தள்ளி நிற்க வேண்டும். அந்தப் பெரியவரால் பெட்டியைத் தூக்க முடியவில்லை. குனிந்து உருளைக்கிழங்கை இரண்டிரண்டாக எடுத்து உள்ளே கொண்டுபோனார். மாஸ்க்கோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கனமான பெட்டியை இரண்டு பையாகப் பிரித்துவிடுங்கள். திராட்சைச் சாறு பாட்டிலை அடியில் வையுங்கள், மாட்ஸா (புளிக்காத தகடு ரொட்டி) மேலே. நொறுங்கினால் முழுத் தகடு இல்லாமல் செடருக்கு (பாஸோவர் இரவுச் சடங்கு விருந்து) மேஜை வைக்க முடியாது. அந்த வீட்டுக்குள் உங்கள் சாண்ட்விச்சோ பிஸ்கட்டோ கொண்டுபோகவே கூடாது. எங்கே வைக்கட்டும் என்று கேட்டுவிட்டு வையுங்கள், சுத்தம் செய்த மேஜையாக இருக்கும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு போன் அடிக்காதீர்கள், அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும். மீன் உருண்டை ஜாடி மூடியை அங்கேயே தளர்த்திக் கொடுக்கவா என்று கேளுங்கள். மூட்டுவலிக் கைக்கு அது திறக்காது. புகைப்படம் கூடாது, முதுகுப்பக்கம்கூட. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள், அடுத்த வீடு காத்திருக்கும்.

புரூக்ளின் டிரைவர்:
மற்றதெல்லாம் சரி சார். ஐந்து நிமிடக் கணக்கை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைசி வீட்டுக்குக் கொஞ்சம் தாமதமானால் போனில் சொல்லிக்கொள்ளலாம். பிரைட்டன் பீச்சில் ஒரு தாத்தா, சோவியத் காலத்தில் மாட்ஸா கிடைப்பதே பெரும்பாடு என்று சொல்லிக்கொண்டே எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். மேஜையில் மறுநாள் இரவுக்கு இரண்டு தட்டு வைத்திருந்தார். இன்னொருவர் யார் என்று கேட்டேன். நீதான், வா என்றார். செடர் ஆரம்பத்திலேயே ‘பசித்தவர் யாராயினும் வந்து உண்ணட்டும்’ என்று வாசிப்பார்களே, அதை யாருமில்லாத அறையில் எப்படி வாசிப்பது என்று கேட்டார். எனக்கு மறுநாள் இரவு ஷிப்ட். போகவில்லை. அவர் தனியாக வாசித்தாரா, வேறு யாராவது வந்தார்களா என்று தெரியாது. பெட்டி கொடுக்கிற இடங்கள் அந்த இரவுக்கு ஆளையும் அனுப்ப வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குயின்ஸ் நர்ஸ்:
எங்கள் பக்கத்தில் சில சினகாக்கில் (யூத வழிபாட்டு இடம்) பொதுச் செடர் வைக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்குத்தான் வழியில்லை. பண்டிகை இரவில் கார் ஏற மாட்டார்களே.

ஸ்கோக்கி வாசி:
நன்றி. அந்த ரொட்டியை மகளும் நானும் இன்று காலை சுட்டுச் சாப்பிட்டோம். செப்டம்பர் வாக்கில் யூதப் புத்தாண்டுக்கு மறுபடி பெட்டி போகும், தேன் பாட்டில் உண்டு. வடக்கு சிகாகோவில் டிக்கி பெரிய கார் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.