தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா? (டெல்லி, பழைய பெட்ரோல் கார்)

யமுனைக்கரை: மயூர் விஹாரிலிருந்து தினமும் நொய்டா போகிறேன். 12 வருஷத்துப் பெட்ரோல் கார். இந்தக் குளிரில் ஹீட்டர் வெதுவெதுப்பாகத்தான் அடிக்கிறது. வேகம் பிடித்தால் அதுவும் போய், டெம்பரேச்சர் முள் கீழே இறங்குகிறது. ஆனால் போன மே மாதம் ஐடிஓ சிக்னலில் நின்றபோது இதே முள் சிவப்பைத் தொட்டது, வண்டி நகர்ந்ததும் இறங்கிவிட்டது. மெக்கானிக், "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வாம் அது. செய்யலாமா?

பழையவண்டி: தாராளமாகக் கழற்றுங்கள் சார். டெல்லியில் குளிர் இரண்டு மாதம்தான். 45 டிகிரி வெயிலில், ரிங் ரோடு நெரிசலில் தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கொண்டால் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விடும், ஹெட்டும் வளைந்துவிடும். அந்தச் செலவுக்குப் பாதி வண்டி வாங்கலாம். குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது.

ஸ்பேனர்: இதை ஒத்துக்கொள்ளவே முடியாது. அவர் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு. வேகத்தில் முள் இறங்கி ஹீட்டரும் ஆறிப்போனால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்க, இன்ஜின் சூடேறவே மாட்டேன் என்கிறது. மே மாதம் நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் அது ரேடியேட்டர் ஃபேன். மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சார் இவற்றைப் பாருங்கள். ஏசி போட்டதும் பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பாதி விடை கிடைத்த மாதிரி. திறந்தே கிடக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதால் ஃபேன் எப்படி ஓடும்?

பழையவண்டி: எங்கள் பக்கம் டாக்ஸிகளில் பாதிக்கு மேல் தெர்மோஸ்டாட் கிடையாது. ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஸ்பேனர்: ஓடும், பெட்ரோலைக் குடித்துக்கொண்டு ஓடும். இன்ஜின் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்து இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எரிபொருளைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் இறங்கும், கார்பன் படியும். இன்னொன்று: சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். அதில் கழற்றிவிட்டால் சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். வெயிலுக்காகக் கழற்றியது வெயிலில்தான் காலை வாரும்.

முனிர்காக்காரி: ஸ்வெட்டர் மனிதருக்குச் சரி அண்ணா, கண்ணாடிக்கு? ஜனவரி மூடுபனியில் முன் கண்ணாடி உள்பக்கம் வியர்த்துவிட்டால் எதிரே லாரி நிற்பதுகூடத் தெரியாது. ஏசியும் சூடான காற்றும் சேர்ந்து அடித்தால்தான் சட்டென்று தெளியும். ஹீட்டரைச் சொகுசு என்று தள்ளாதீர்கள்.

அப்புறம் யமுனைக்கரை சார், கூலன்ட் அளவைப் பார்த்தீர்களா? ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) குளிர்காற்று, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் சூடு என்றால் கூலன்ட் குறைவு அல்லது ஏர் லாக் (குழாய்க்குள் காற்று அடைபட்டிருப்பது). உங்களுக்கு நேர்மாறாக இருப்பதால் ஸ்பேனர் சொல்வதே பொருந்துகிறது. ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் ஹீட்டர் கோரில் (ஹீட்டருக்குச் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) அடைப்பு. போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில் உப்புப் படிந்து இப்படி ஆகும்.

யமுனைக்கரை: இரண்டுமே ஒரே மாதிரி வெதுவெதுப்பு. கூலன்ட் மேக்ஸ் கோட்டில் இருக்கிறது. ஏசி போட்டால் ஃபேன் சுற்றவில்லை.

ஸ்பேனர்: அப்படியானால் ஃபேன் தனி வேலை, வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டுக்கு, நாளைக் காலை இன்ஜின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள், பெல்ட்டிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு. நல்ல தெர்மோஸ்டாட் என்றால் சில நிமிஷம் குளிர்ந்தே இருந்து, திடீரென்று சூடேறும். முதலிலிருந்தே மெதுவாகச் சூடேறினால் திறந்து கிடக்கிறது.

பழையவண்டி: சரி, மாற்றட்டும். ஆனால் காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் அசலும் போலியும் ஒரே பெட்டியில் வருகிறது. போலியை மாட்டி அது மூடிக்கொண்டால்? அதற்குக் கழற்றி வைப்பதே மேல் என்பதுதான் இன்னமும் என் கருத்து.

ஸ்பேனர்: மாட்டுவதற்கு முன் சோதித்துவிடலாமே. நூலில் கட்டி, அடியில் படாமல் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். மேலே 82 (டிகிரி செல்சியஸ்) என்று குத்தியிருந்தால் அந்தச் சூட்டை ஒட்டி வால்வு அசையத் தொடங்க வேண்டும், கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும், ஆறியதும் மூட வேண்டும். சமையலறைத் தெர்மோமீட்டர் போதும். மாட்டியதும் புதுக் கூலன்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை யாரும் திறக்க வேண்டாம்.

யமுனைக்கரை: காலையில் பார்த்தேன், ஹோஸ் முதல் நிமிஷத்திலிருந்தே சூடேறுகிறது. கழற்றவில்லை, புதிது மாட்டுகிறேன். ஃபேன் ரிலேவும் சேர்த்து.